டிரெயினேஜ் அடைத்தால் அது யார் குழாய்? திருவனந்தபுரத்துக்குப் புதிதாகக் குடிவந்தவர்களுக்கு

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து திருவனந்தபுரத்துக்குக் குடிவருகிறவர்கள் வாடகை, பள்ளிக்கூடம், தண்ணீர் வரும் நேரம் எல்லாம் விசாரிப்பார்கள். வீட்டுக் கழிவு எங்கே போகிறது என்று மட்டும் கேட்பதில்லை. நம் பக்கம் கொல்லையில் செப்டிக் டேங்க் இருக்கும். நிறைந்தால் லாரியைக் கூப்பிடுவோம், காசைக் கொடுப்போம், தீர்ந்தது. இங்கே சாலை பஜார், கரமனை, வலியசாலை, கோட்டைப் பகுதியில் அப்படியில்லை. கழிவு தெருவுக்கு அடியிலுள்ள பொதுக்குழாயில் சேர்ந்து, பம்பு நிலையங்கள் வழியாக முட்டத்தறை சுத்திகரிப்பு நிலையம் வரை போகிறது. நடுவில் எங்காவது அடைத்துக்கொண்டால், சுத்தம் செய்வதற்கு முன்னால் ஒரு கேள்வி வந்து நிற்கும்: அடைத்த இடம் உன் குழாயா, எங்கள் குழாயா?

இருபது வருஷமாகக் கரமனையில் இருக்கிறேன். இந்தக் கேள்வியில் ஜெயித்தவர்களையும் தோற்றவர்களையும் பார்த்திருக்கிறேன். குரலை உயர்த்தியவர் ஜெயித்ததில்லை. அடைப்பு குழாயின் மேலிருக்கும் எந்த இரண்டு மூடிகளுக்கு நடுவில் இருக்கிறது என்று காட்ட முடிந்தவர்தான் ஜெயித்தார். அதைக் காட்டுவது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி. மனு, மேல்முறையீடு எல்லாம் அதற்குப் பிறகு.

முதலில் சொல்லைச் சரியாகச் சொல்லுங்கள்

நம் ஊரில் எல்லாவற்றுக்கும் ஓடைதான். அந்தப் பழக்கத்தில் இங்கே போனில் "ஓட அடைஞ்ஞு" என்று சொன்னால் புகார் வேறு இடத்துக்குப் போய்விடும். இங்கே ஓட என்றால் தெருவோரத்தில் மழைத்தண்ணீர் போகும் வாய்க்கால். அதைப் பார்ப்பது மாநகராட்சி. பெரிய ரோடாக இருந்தால் பொதுமராமத்துத் துறை. வீட்டுக் கழிவு போகும் நிலத்தடிக் குழாய்க்கு இங்குள்ளவர்கள் சொல்வது டிரெயினேஜ். அது கேரள வாட்டர் அதாரிட்டியின் பொறுப்பு. 1984 ஏப்ரல் 1 முதல் குடிநீரும் கழிவுநீரும் அதன் கையில் இருக்கின்றன. ஆனால் குடிநீர்ப் பிரிவும் கழிவுநீர்ப் பிரிவும் வேறு வேறு மேசைகள். குடிநீர் பில் கட்டும் ஜன்னலில் போய் நின்று அரை நாளைத் தொலைத்தவர்களில் நானும் ஒருவன்.

பொறுப்பு யாருடையது என்ற தகராறு இந்த நகரத்துக்குப் புதிதல்ல. 2024 ஜூலையில் தம்பானூர் ரயில் நிலையத்துக்கு அடியில் ஓடும் ஆமையிழஞ்சான் தோட்டில் (தோடு என்றால் இங்கே கால்வாய்) குப்பை அள்ள இறங்கிய தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார். அந்தக் குப்பை யாருடையது, தோட்டைச் சுத்தம் செய்ய வேண்டியது யார் என்று ரயில்வேயும் மாநகராட்சியும் ஒன்றையொன்று கைகாட்டியதை ஊரே பார்த்தது. அரசாங்க அமைப்புகளுக்குள்ளேயே இப்படி என்றால், வாடகை வீட்டுக்காரர் வாயால் சொல்வதை யார் எடுத்துக்கொள்வார்கள்?

மூன்று துண்டுகள்

உங்கள் வீட்டிலிருந்து கிளம்பும் குழாயை மூன்று துண்டாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கழிப்பறை, குளியலறை, அடுக்களையிலிருந்து காம்பவுண்டுக்குள் இருக்கும் கடைசிச் சேம்பர், அதாவது கழிவுக்குழாய்கள் வந்து சேரும் மூடி போட்ட தொட்டி, வரை முதல் துண்டு. இது வீட்டுக்காரர் பாடு, இதில் பேச்சே இல்லை. தெருவுக்கு அடியில் மேன்ஹோலிலிருந்து மேன்ஹோலுக்கு ஓடும் பெரிய குழாய் மூன்றாவது துண்டு. இது அதாரிட்டியின் பாடு, இதிலும் பேச்சில்லை. கேட்டுக்கு உள்ளேயிருக்கும் கடைசிச் சேம்பரிலிருந்து தெருவின் பொதுக்குழாய் வரை போகிறதே நடுத்துண்டு, சண்டை எல்லாம் அதில்தான். குழாய் உங்கள் கழிவை மட்டும் கொண்டுபோகிறது. ஆனால் கிடப்பது பொது ரோட்டின் அடியில். "உங்களுக்காகப் போட்ட இணைப்பு" என்பார்கள் அவர்கள். "ரோட்டைத் தோண்ட எனக்கு உரிமையில்லையே" என்பீர்கள் நீங்கள். இரண்டும் உண்மைதான்.

இந்த நடுத்துண்டுக்கு வாய்வழியாக யார் என்ன சொன்னாலும் நம்ப வேண்டாம். டிரெயினேஜ் இணைப்புக்கு அனுமதி கொடுத்த காகிதம் வீட்டுக்காரரிடம் இருக்கும். அதில் உள்ள நிபந்தனைகளை வாங்கிப் படியுங்கள். காகிதமே இல்லை என்றால் வேறொரு பள்ளம் காத்திருக்கிறது: இந்த நகரத்தில் டிரெயினேஜ் 1940-களிலிருந்து இருப்பது. பழைய வீடுகளில் பதிவே இல்லாத இணைப்புகள் உண்டு. அனுமதியில்லாத இணைப்பை வைத்துக்கொண்டு மனு கொடுத்தால், அடைப்பை விட்டுவிட்டு இணைப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். வீட்டுக்காரரிடம் சொல்லி அதை முறைப்படுத்தச் செய்யுங்கள்.

மூடியைத் திறந்து பாருங்கள்

என் முதல் அனுபவத்தைச் சொல்லிவிடுகிறேன். குடிவந்த முதல் இடவப்பாதி மழை, நம் பக்கத்துத் தென்மேற்குப் பருவமழை. குளியலறையில் தண்ணீர் இறங்கவில்லை. நேரே அலுவலகத்துக்குப் போய் மூன்று நாள் விடாமல் பேசினேன். நான்காம் நாள் ஒரு ஓவர்சியர் வந்தார். ஒன்றும் பேசவில்லை. எங்கள் காம்பவுண்டுக்குள் இருந்த கடைசிச் சேம்பரின் மூடியைக் கம்பியால் நெம்பிக் காட்டினார். காய்ந்து கிடந்தது. அடைப்பு அதற்கும் பின்னால், எங்கள் அடுக்களைப் பக்கம். பாத்திரம் தேய்த்த தேங்காய் நாரும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து கட்டை மாதிரி இறுகியிருந்தது. "இது நிங்ஙளுடெ லைனாணு அண்ணா" என்றார். அந்த அண்ணா இன்றைக்கும் காதில் இருக்கிறது.

அதனால் போனை எடுப்பதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். ஒரே ஒரு இடத்தில் மட்டும் தண்ணீர் இறங்கவில்லையா, எல்லா இடத்திலுமா? ஒரு இடம் மட்டும் என்றால் அது வீட்டுக்குள் விஷயம், பிளம்பரைக் கூப்பிடுங்கள். எல்லா இடத்திலும் என்றால் கடைசிச் சேம்பரைத் திறக்கவும். திறந்ததும் எட்டிப் பார்க்காதீர்கள். பத்து நிமிஷம் காற்று போகட்டும். பக்கத்தில் தீப்பெட்டி, பீடி கூடாது. குழந்தைகள் பக்கத்தில் வரக் கூடாது. சேம்பர் காலி என்றால் அடைப்பு உங்கள் பக்கம். தளும்ப நிற்கிறது என்றால் அடைப்பு அதற்கு அப்பால்.

அடுத்தது எனக்குப் பிடித்த சோதனை, காசில்லாதது. வீட்டில் எல்லா குழாயையும் மூடச் சொல்லுங்கள். யாரும் கழிப்பறைக்குப் போக வேண்டாம். சேம்பர் சுவரில் தண்ணீர் மட்டத்துக்கு நேராகச் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுப் போட்டோ எடுங்கள். அரை மணி கழித்துத் திரும்பப் பாருங்கள். யாரும் ஒரு சொட்டு விடாமலே மட்டம் ஏறியிருந்தால் அது உங்கள் கழிவல்ல. தெருக்குழாயிலிருந்து பின்வாங்கி வருகிறது. இதைவிடப் பெரிய சாட்சி கிடையாது. இரண்டாவது போட்டோவும் எடுத்துவிடுங்கள். மட்டம் அப்படியே நின்றால் நடுத்துண்டு சந்தேகத்துக்குரியது.

பிறகு தெருவில் இரண்டு பக்கமும் நாலு வீடு விசாரியுங்கள். மேட்டுப்பக்க வீட்டிலும் தேங்கியிருக்கிறது, பள்ளத்துப்பக்க வீட்டில் நன்றாகப் போகிறது என்றால், இரண்டுக்கும் நடுவில் பொதுக்குழாய் அடைத்திருக்கிறது. உங்களுக்கு மட்டும்தான் என்றால் திரும்பவும் நடுத்துண்டு. அக்ரஹாரத்து வீடுகளில் ஒரு சிக்கல் உண்டு: ஒட்டு வீடுகள் ஐந்தாறு சேர்ந்து கொல்லை வழியாக ஒரே குழாயில் விட்டிருப்பார்கள். அது பொதுக்குழாய் மாதிரித் தெரியும். ஆனால் முன்னோர்கள் பங்கு போட்டுப் போட்ட சொந்தக்குழாயாக இருக்கலாம். பெரியவர்களிடம் கேட்டால் எந்தத் தாத்தா காலத்தில் போட்டது என்று சொல்லிவிடுவார்கள்.

தெருவின் மேன்ஹோல் மூடியை மட்டும் நீங்கள் தொட வேண்டாம், ஆள் வைத்தும் திறக்க வேண்டாம். உள்ளே தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று நினைக்கும்போதுதான் ஆபத்து உச்சத்தில் இருக்கும். 2015 நவம்பரில் கோழிக்கோட்டில் மேன்ஹோலுக்குள் மயங்கிய ஆந்திரத் தொழிலாளர் இருவரைக் காப்பாற்ற இறங்கிய ஆட்டோ ஓட்டுநரும் அவர்களோடு உயிரிழந்தார். பாதுகாப்பு இல்லாமல் ஆளை இறக்குவது, கையால் மலம் அள்ளும் வேலையைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கே 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். "ஐநூறு ரூபாய் கொடுங்க அண்ணாச்சி, நான் இறங்குறேன்" என்று யாராவது வந்தால், மோர் கொடுத்து அனுப்பிவிடுங்கள். மேன்ஹோலில் இறங்கி வேலை செய்ய பேண்டிகூட் என்ற இயந்திரத்தை 2018-இல் உருவாக்கி இறக்கிக் காட்டியது இதே திருவனந்தபுரத்துக் கம்பெனிதான்.

மழைக்குழாய் உங்கள் கழுத்துக்குச் சுருக்கு

மொட்டைமாடி மழைத்தண்ணீரைச் சேம்பரில் விட்டிருக்கிறீர்களா என்று ஆட்கள் வந்ததும் முதலில் பார்ப்பார்கள். கழிவுநீர்க் குழாய் மழையைத் தாங்கும் அளவுக்குப் போடப்பட்டதல்ல. இங்கே இடவப்பாதி ஒன்று, துலாவர்ஷம் (வடகிழக்குப் பருவமழை) ஒன்று என்று வருஷத்துக்கு இரண்டு மழைக்காலம். தெருவில் பத்து வீடு மாடித்தண்ணீரை டிரெயினேஜில் விட்டால் மேன்ஹோல் மூடி மிதக்கும். உங்கள் வீட்டில் அப்படி ஒரு பி.வி.சி. குழாய் இருந்தால், புகார் கொடுப்பதற்கு முன்னால் அதை ஓடப் பக்கமோ கிணற்றுப் பக்கமோ திருப்பிவிடுங்கள். இல்லையென்றால் உங்கள் புகார் உங்கள் மேலேயே திரும்பும். அதற்கு நேர்மாறான தப்பும் உண்டு. அடைத்துக்கொண்டதே என்று கழிவை ஓடயில் திறந்துவிட்டால் மாநகராட்சி அபராதத்தோடு வந்து நிற்கும்.

புகாரும் நம்பரும்

1916-ஐக் கூப்பிடுங்கள், அது வாட்டர் அதாரிட்டியின் இலவச எண். குடிநீர் பில்லில் உள்ள நுகர்வோர் எண்ணும், வீட்டின் டி.சி. நம்பரும் (மாநகராட்சி கொடுத்த கதவு எண்) கையில் இருக்கட்டும். "டிரெயினேஜ்", "மேன்ஹோல்" என்ற இரண்டு சொல்லும் வாயில் வரட்டும். புகார் எண் வாங்காமல் போனை வைக்காதீர்கள். எண், தேதி, நேரம் மூன்றையும் காலண்டரில் எழுதிவிடுங்கள். என் மனைவி பால் கணக்குப் பக்கத்திலேயே எழுதி வைப்பாள். ஒரு தடவை அந்தக் காலண்டர் தாளைக் கிழித்துத்தான் மேலதிகாரியிடம் காட்டினோம்.

இரண்டு நாளில் ஆள் வரவில்லை என்றால், கழிவுநீர்ப் பிரிவு அசிஸ்டன்ட் இன்ஜினியருக்கு எழுத்தில் கொடுங்கள். இரண்டு நகல் எடுத்து, ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். கோபத்தை வீட்டில் வைத்துவிட்டு, இவ்வளவு எழுதினால் போதும்:

"ஐயா, டி.சி. எண் (இங்கே எண்), நுகர்வோர் எண் (இங்கே எண்) உள்ள எங்கள் வீட்டின் கடைசிச் சேம்பரில் (தேதி) காலை 6 மணி முதல் கழிவுநீர் நிரம்பி நிற்கிறது. வீட்டில் தண்ணீர்ப் பயன்பாட்டை நிறுத்திய பிறகும் அரை மணி நேரத்தில் மட்டம் நான்கு விரல் உயர்ந்தது, படங்கள் இணைத்துள்ளேன். மேட்டுப்பக்கத்தில் இரண்டு வீடுகளிலும் இதே நிலை. தொலைபேசிப் புகார் எண் (இங்கே எண்). பொதுக்குழாயைச் சுத்தம் செய்து, அடைப்பு இருந்த இடத்தை எழுத்தில் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்."

தமிழில் கொடுக்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கொடுக்கலாம். குறையைத் தீர்க்கக் கோரும் மனுவை மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்க அரசியலமைப்பின் 350-ஆவது பிரிவு உரிமை தருகிறது. ஆனாலும் பக்கத்து வீட்டுச் சேச்சியிடம் சொல்லி மலையாளத்தில் ஒரு பக்கம் எழுதி வாங்கிச் சேர்த்துவிடுங்கள். உரிமை உரிமைதான், அதைப் படிக்கிறவருக்கு அவசரம் புரிய வேண்டுமே. ரெசிடென்ஸ் அசோசியேஷன் செயலாளரும் ஒரு கையெழுத்துப் போட்டால் காகிதத்துக்குக் கனம் கூடும். இந்த ஊரில் அசோசியேஷனுக்கு இருக்கும் மதிப்பு நம் பக்கத்தில் பார்த்ததில்லை.

ஆள் வரும்போது

வீட்டில் யாராவது பெரியவர் கட்டாயம் இருக்க வேண்டும். எந்த மேன்ஹோலைத் திறந்தார்கள், உள்ளே தண்ணீர் ஓடியதா நின்றதா, என்ன வெளியே வந்தது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். வேர்க்கட்டு வந்தால் போட்டோ எடுங்கள். பழைய தெருக்களில் ஸ்டோன்வேர் குழாய்தான், சுட்ட களிமண்ணில் செய்தது. அதன் மூட்டு வழியாக மரத்தின் வேர் நுழையும். கருங்கல் ஜல்லியும் தாரும் வந்தால் ரோடு போட்டவர்கள் செய்த வேலை. கேபிள் பதிக்கத் துளைத்தபோது குழாயைக் குத்திவிடுவதும் உண்டு. இதெல்லாம் உங்கள் அடுக்களையிலிருந்து வர வாய்ப்பில்லாத சாமான்கள்.

மேன்ஹோல் திறந்திருக்கும்போதே நடுத்துண்டையும் சோதித்துவிடச் சொல்லுங்கள். உங்கள் சேம்பரில் ஒரு வாளித் தண்ணீரில் சொட்டு நீலம் கரைத்து ஊற்றுங்கள். நீலம் மேன்ஹோலில் வந்து சேர்ந்தால் நடுத்துண்டு நன்றாக இருக்கிறது. வரவில்லை என்றால் அங்கேதான் அடைப்பு. அப்போது ஓவர்சியரும் பார்க்கிறார், நீங்களும் பார்க்கிறீர்கள்.

"இது உங்கள் லைன்" என்று சொன்னால் மல்லுக்கு நிற்க வேண்டாம். "சாறே, அதை ஒரு வரி எழுதித் தரணும்" என்று மட்டும் கேளுங்கள். எழுதித் தர மனமில்லாதபோது பல தடவை ஜெட்டிங் வண்டி (தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடைப்பை எடுக்கும் லாரி) வந்துவிடும். எழுதிக் கொடுத்தால் அதுவும் உங்களுக்கு நல்லது. அடுத்த படிக்கு அதுதான் காகிதம்.

கழிவு வீட்டுக்குள் ஏறுகிறது, காத்திருக்க முடியாது என்று தனியாரைக் கூப்பிட வேண்டி வரும். அப்போது ஒரே ஒரு விஷயத்தை மறக்காதீர்கள்: கடைசிச் சேம்பரிலிருந்து கம்பி எத்தனை மீட்டர் போய் முட்டியது? கம்பியில் துணி கட்டி அடையாளம் வைத்து, வெளியே இழுத்ததும் டேப்பால் அளந்து, பில்லிலேயே எழுதி வாங்குங்கள். உதாரணத்துக்கு, சேம்பரிலிருந்து காம்பவுண்டுச் சுவர் 2 மீட்டர். கம்பி முட்டியது 5 மீட்டரில் என்றால் அடைப்பு ரோட்டின் அடியில். "அடைப்பு நீக்கியதற்கு" என்று மட்டும் எழுதிய பில்லை வைத்துக்கொண்டு யாரிடமும் பணம் திரும்பக் கேட்க முடியாது.

நடுத்துண்டில் குழாயே உடைந்திருந்தால் நீங்களாக ரோட்டை வெட்டக் கூடாது. ரோடு யாருடையதோ, மாநகராட்சியோ பொதுமராமத்துத் துறையோ, அவர்களிடம் அனுமதியும் சீரமைப்புக் கட்டணமும் வேண்டும்.

மேலே போக வேண்டியிருந்தால்

அசிஸ்டன்ட் இன்ஜினியர், அவருக்கு மேலே அசிஸ்டன்ட் எக்ஸிக்யூட்டிவ் இன்ஜினியர், அவருக்கு மேலே எக்ஸிக்யூட்டிவ் இன்ஜினியர். ஒவ்வொருவருக்கும் முந்தைய மனுவின் நகலோடு. அங்கும் நகரவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டம். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி நாலு கேள்வி கேளுங்கள். எங்கள் தெருவின் இந்த இரண்டு மேன்ஹோல்களுக்கு நடுவிலான குழாய் கடைசியாகச் சுத்தம் செய்யப்பட்ட தேதி, அதன் பதிவேட்டு நகல். என் புகார் எண்ணின் மேல் யார், எப்போது வந்து, என்ன செய்தார்கள். எங்கள் தெருவின் கழிவுநீர்க் குழாய் வரைபடம். நான்காவதுதான் தங்கம்: வீட்டின் கடைசிச் சேம்பருக்கும் பொதுக்குழாய்க்கும் நடுவிலுள்ள குழாயைப் பராமரிக்கும் பொறுப்பு யாருடையது என்று கூறும் விதி அல்லது உத்தரவின் நகல். 30 நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அடைப்பு நீங்க 30 நாள் காத்திருக்க முடியாதுதான். இது செலவான பணத்துக்கும், அடுத்த மழைக்கும்.

பணம் திரும்ப வேண்டும், இழப்பீடு வேண்டும் என்றால் இரண்டு கதவு. ஒன்று நிரந்தர லோக் அதாலத், திருவனந்தபுரத்தில் இருக்கிறது. குடிநீர், துப்புரவு போன்ற பொதுப்பயன்பாட்டுச் சேவைத் தகராறுகளுக்கென்றே அமைந்தது. கட்டணம் இல்லை, வக்கீல் இல்லாமலே போகலாம். முதலில் சமரசம் பேசுவார்கள்; ஒத்துவராவிட்டால் தாங்களே தீர்ப்பும் சொல்லிவிடுவார்கள். அந்தத் தீர்ப்பின் மேல் சாதாரண மேல்முறையீடு கிடையாது என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள். வேறு கோர்ட்டுக்குப் போவதற்கு முன்னால் இங்கே வர வேண்டும். வந்த பிறகு அதே விஷயத்தோடு வேறு கோர்ட்டுக்குப் போக முடியாது.

இன்னொன்று மாவட்ட நுகர்வோர் ஆணையம். பிரச்சினை நடந்து 2 ஆண்டுக்குள் போக வேண்டும். சேவைக்குக் கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. கட்டணம் கட்டிப் பெறும் சேவை என்று காட்ட பில்கள் வேண்டும், ஆகவே பில்லைத் தூக்கிப் போடாதீர்கள். வாடகைக்கு இருப்பவரும் போகலாம். பணம் கட்டியவர் சம்மதத்தோடு சேவையைப் பயன்படுத்துகிறவரும் சட்டத்தின் கண்ணில் நுகர்வோர்தான். சின்னத் தொகைக்கு, ஆயிரம் இரண்டாயிரத்துக்கு, நான் லோக் அதாலத்தைத்தான் சொல்வேன். வீடு நிறையக் கழிவு ஏறி, கட்டிலும் பீரோவும் நாசமானவர்கள் நுகர்வோர் ஆணையத்தை யோசிக்கலாம்.

எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்கள் இதை அப்படியே பின்பற்றிவிடாதீர்கள். தமிழ்நாட்டில் சென்னைக்கு வெளியே பாதாளச் சாக்கடையைப் பராமரிப்பது அந்தந்த மாநகராட்சி, நகராட்சி. குடிநீர் வடிகால் வாரியம் திட்டத்தைக் கட்டிக் கொடுக்கும், அவ்வளவுதான். அங்கே மனு போக வேண்டியது ஆணையருக்கு.

இங்கே வீடு பார்க்கப் போகிறவர்கள் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் வீட்டுக்காரரிடம் கடைசிச் சேம்பர் எங்கே என்று கேளுங்கள். மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். "அதுக்கு மேலே டைல்ஸ் ஒட்டியாச்சு" என்று பதில் வந்தால், டைல்ஸைப் பெயர்த்து மூடி வைத்துத் தருவதாக வாடகை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிவிட்டு அட்வான்ஸைக் கொடுங்கள்.